மஞ்சளுக்கு மேல் நீலம்

இந்திராணி சிரித்துக்கொண்டே வந்ததுதான் வசந்தகுமாரியைப் பயமுறுத்தியது. படகு காணாமல் போனதிலிருந்து அந்த மனுஷி சிரித்து யாரும் பார்த்ததில்லை. இன்றைக்கு என்னடாவென்றால், பாம்பூஃப்ளாட்டில் ஃபெர்ரி பிடித்து, சாத்தத்தில் இறங்கி, பஸ்ஸில் இடிபட்டுப் போர்ட் பிளேரின் கராச்சர்மா வரைக்கும் வந்து, மழைச் சேற்றுக்குப் பயந்து செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, கோவிந்தராஜின் அலுமினியச் சாயப் பட்டறை வாசலில் நின்று பல் தெரியச் சிரிக்கிறாள்.

"ஏ வசந்தா, கையக் கழுவிட்டு வாடி. நல்ல சேதி கொண்டாந்துருக்கேன்."

வசந்தகுமாரி ரப்பர் கையுறையைக் கழற்றினாள். நல்ல சேதி என்றால் ஆள் வந்திருக்க வேண்டும். ஆள் வந்திருந்தால் இவள் எதற்கு பஸ் ஏறி வருகிறாள், போனிலேயே ஊரைக் கூட்டியிருக்க மாட்டாளா? அப்படியானால் இது வேறு ஏதோ. அவளுக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

இந்திராணி துணிப்பையிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஏதோ பெட்டியின் மூடி. பாதி உடைந்து, உப்பேறி வெளுத்துப் போயிருந்தது. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அலுமினியத் தகடு, இரண்டு ஸ்க்ரூவில் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தகட்டில் ஒரு பாதி மஞ்சள், மறு பாதி பச்சை.

"வடக்க மாயாபந்தர் தாண்டி ஒரு கரையில ஒதுங்கிக் கெடந்துச்சாம். போலீஸ்காரங்க நம்ம மொதலாளிகிட்டக் காட்டிருக்காங்க. அவரு பார்த்த ஒடனே சொல்லிட்டாரு, எங்க பெட்டித் தகடெல்லாம் மஞ்சளும் நீலமும், இது பச்சை, எவனாச்சும் பர்மாக்காரன் படகா இருக்கும்னு. அவங்களும் விட்டுட்டுப் போய்ட்டாங்க, நான் கேட்டு வாங்கியாந்தேன். ஒடஞ்சது வேற எவன் படகோடி. நம்ம ஆளுக படகு இல்ல."

நம்ம ஆளுக என்றால் இரண்டே பேர். டிங்கிப் படகை ஓட்டிப் போன நாகராஜ், இந்திராணியின் புருஷன். வலை இழுக்கவும் தூண்டில் போடவும் கூடப் போன ரவிச்சந்திரன், வசந்தகுமாரியின் புருஷன். முதலாளி முத்துகிருஷ்ணன் கரையிலேயே இருந்துகொண்டார். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொல்வதற்கு முந்தைய நாள் கிளம்பியவர்கள். அதற்கப்புறம் போனும் இல்லை, வயர்லெஸ்ஸும் இல்லை. கப்பல் தேடியது, ஹெலிகாப்டர் தேடியது, பிறகு தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"நீதான இந்தத் தகடுக்கெல்லாம் சாயம் போட்டவ. ஒன் வாயால ஒரு தடவ சொல்லிரு, இது நம்மளுது இல்லேன்னு. நான் போயி நிம்மதியா ஒரு வாய் சோறு திம்பேன்."

வசந்தகுமாரி பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவள் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் தொட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற ரெக்டிஃபையரை அணைத்துவிட்டு வந்த கோவிந்தராஜும் பார்த்தார். பார்த்ததும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டதை இந்திராணி கவனிக்கவில்லை. அதுவரைக்கும் நல்லது.

முத்துகிருஷ்ணனின் ஐஸ் பெட்டிகளுக்கு அடையாளத் தகடு செய்து கொடுத்தது இந்தப் பட்டறைதான். படகு கட்டும் ஜெட்டியில் மற்ற படகுக்காரர்களின் பெட்டியோடு கலந்து போகிறது என்று இரண்டு நிறம் கேட்டார். கேட்பவருக்கென்ன, கேட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரே தகட்டில் இரண்டு நிறம் ஏற்றுவது பெரிய பாடு. தகட்டை அமிலத் தொட்டியில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத துளைகளோடு ஒரு படலம் ஏறும். இந்தத் தீவு வெக்கையில் தொட்டி சூடேறாமல் இருக்க, மீன் பெட்டிக்குப் போகிற அதே ஐஸ் கட்டியை வாங்கிவந்து சுற்றிலும் அடுக்க வேண்டும். துளையெல்லாம் வாய் திறந்திருக்கும்போது சாயத்தில் போட்டால் மடமடவென்று குடிக்கும். கடைசியில் கொதிநீரில் போட்டால் வாயை மூடிக்கொள்ளும். அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் ஒரு சொட்டு இறங்காது.

இரண்டு நிறம் வேண்டுமானால் வாய் மூடுவதற்கு முன்பே எல்லாம் நடக்க வேண்டும். முதலில் முழுத் தகட்டுக்கும் மஞ்சள். பிறகு ஒரு பாதிமேல் டேப்பை இறுக்கி ஒட்டிவிட்டு, மறு பாதியை நைட்ரிக் அமிலத்தில் காட்டி மஞ்சளை வெளுத்து எடுத்துவிட வேண்டும். வெள்ளையான அந்தப் பாதியைத்தான் நீலத்தில் முக்குவது. மஞ்சளை எடுக்க மறந்து அப்படியே நீலத்தில் போட்டால் போச்சு, மஞ்சளுக்கு மேல் நீலம் உட்கார்ந்து பச்சையாகிவிடும்.

பட்டறையில் வேலை நேரத்துப் பேச்செல்லாம் இந்திதான். கோவிந்தராஜ் கோயம்புத்தூர்க்காரர், வசந்தகுமாரி கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில், சிலோனிலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்தவள், இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ்தான். ஆனால் முன்பு கூட வேலை பார்த்த ஒரு பெங்காலிக்காரருக்காகத் தொடங்கிய பழக்கம், அவர் வேலையை விட்டுப் போன பிறகும் விட்டபாடில்லை. சாயத்துக்குப் பெயர் லால், நீலா, பீலா. சண்டைக்கு மட்டும் தமிழ். மஞ்சளுக்கு இந்தியில் பீலா, புளுகுக்குத் தமிழில் பீலா என்பதை வைத்து அவர்களுக்குள் கேலி ஓயாது. "பீலா ரெடியா?" என்று அவர் கேட்டால், "ஒங்ககிட்ட எப்பண்ணே இல்லாம இருந்துச்சு?" என்பாள் இவள்.

முத்துகிருஷ்ணனின் தகடுகளுக்குச் சாயம் போட்ட அன்றைக்குப் புகையை இழுக்கிற பெரிய ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. "பீலா நிகால்" என்றார் அவர், மஞ்சளை எடு என்று. இவள் காதில் "நீலா மே டால்" என்று விழுந்தது, நீலத்தில் போடு என்று. போட்டு, கொதிநீரிலும் முக்கி எடுத்துவிட்டாள். தகட்டில் பாதி பச்சை. கெட்டது ஒரு தகடுதான், அவர் தமிழில் திட்டிவிட்டு வேறொன்று செய்யச் சொன்னார், முதலாளிக்கு விஷயமே தெரியாது. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த ரவிச்சந்திரன்தான் அதைக் கழிவுப் பெட்டியிலிருந்து பொறுக்கி எடுத்தான்.

"எல்லாப் பெட்டிக்கும் ஒரு கலரு, எனக்கு மட்டும் தனிக் கலரு. பொண்டாட்டி கெடுத்தது புருசனுக்குத்தான சேரணும்" என்று சிரித்தான். தன் தூண்டில் பெட்டியின் மூடியில் அதை இரண்டு ஸ்க்ரூ போட்டு முறுக்கிக்கொண்டான்.

இப்போது மேசைமேல் கிடப்பது அதுதானா? மனசு ஒத்துக்கொள்ள மறுத்தது. உலகத்தில் பச்சைத் தகடே வேறு கிடையாதா? பர்மாக்காரனுக்குப் பச்சை பிடிக்கக் கூடாதா? தாய்லாந்துப் படகில் ஸ்க்ரூ இருக்காதா? இந்தப் பட்டறையில் பச்சைச் சாயம் வாங்கி வைப்பதில்லைதான், வேறு ஊரில் எவனோ கடையில் பாட்டிலில் விற்கிற பச்சைச் சாயத்தில் முக்கி எடுத்திருக்கலாமே. அவள் நூறு சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் சொல்லும்போது நன்றாகத்தான் இருந்தது.

"என்னடி பேச்சையே காணோம்?" என்றாள் இந்திராணி.

"ஒரு சோதனை இருக்குக்கா. பண்ணிப் பார்த்துட்டுச் சொல்றேன். நீங்க வெளிய உக்காருங்க, உள்ள அமிலப் பொக நெஞ்ச அடைக்கும்."

இந்திராணி வெளியே தகரக் கொட்டகைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவள் தலை மறைந்ததும் கோவிந்தராஜ் கிட்டே வந்தார்.

"அம்மிணி, உட்ரு. பச்சை, நம்முளுது இல்லைன்னு சொல்லிப்போட்டுக் கம்முனு இரு. தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?"

"எனக்குத் தெரியணும்ணே."

தெரியணும் என்று அவள் சொன்னது பிடிவாதத்தில் அல்ல, பயத்தில். சுனாமி வந்த வருஷம் கச்சாலில் அவள் அப்பா அழகர்சாமி ரப்பர் பால் வெட்டப் போனவர் போனவர்தான். உடம்பு கிடைக்கவில்லை. அம்மா அங்கம்மா முகாமிலும் காத்திருந்தாள், போர்ட் பிளேருக்கு வந்த பிறகும் காத்திருந்தாள். எந்தக் கப்பல் வந்தாலும் ஜெட்டிக்கு ஓடினாள். வேறு தீவில் ஒதுங்கியிருப்பார், நினைவு தப்பியிருக்கும், யாராவது கூட்டிவருவார்கள் என்று வாசலைப் பார்த்தே கண் பூத்துப் போனாள். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகளைக் கூப்பிட்டு, அப்பா வந்தால் சோறு போடு என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அந்தப் பிழைப்பைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் வசந்தகுமாரி. செத்தவருக்காக அழுதுவிடலாம், வராதவருக்காக எப்படி அழுவது? தனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று அவள் நினைத்தாள்.

ஸ்க்ரூவை மெல்ல நெம்பித் தகட்டைப் பிரித்தாள். சோப்பு போட்டு, பிடித்து வைத்த மழைநீரில் கழுவினாள். கடலில் கிடந்து மேற்பரப்பு சொரசொரத்திருந்தது. பச்சைப் பாதியின் ஒரு மூலையை எமரித் தாளால் லேசாகத் தேய்த்தாள், மூடிய வாய் கொஞ்சம் திறக்கட்டும் என்று. சோதனை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாட்டில் பச்சை என்றால் அமிலம் பட்டதும் பச்சையாகவே வெளிறி வெளிறி, கடைசியில் வெறும் அலுமினிய வெள்ளையாகும். மஞ்சளுக்கு மேல் ஏறிய நீலம் என்றால் நீலம் முதலில் கழன்று ஓடும், அடியில் மஞ்சள் தெரியும். வெள்ளை வந்தால் ரவிச்சந்திரன் எங்கோ இருக்கிறான். மஞ்சள் வந்தால் இல்லை.

ஃபேனைப் போட்டாள். கண்ணாடிக் குச்சியால் அமிலத்தைத் தொட்டு அந்த மூலையில் வைத்தாள்.

முதலில் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். சாமி பெயர்கூட வாயில் வரவில்லை. பச்சை கொஞ்சம் வெளிறியது. வெளிறியதும் அவளுக்கு உயிர் வந்தது. பச்சையாகவேதான் வெளிறுகிறது, பாட்டில் பச்சைதான், பர்மாக்காரன்தான். இன்னொரு சொட்டு வைத்தாள். ஓரம் வெளுப்பது போலிருந்தது. கிட்டே குனிந்து பார்த்தாள். வெளுக்கவில்லை. பச்சைக்குள்ளிருந்து எலுமிச்சம்பழத் தோல் மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தது. நீலம் சொட்டுச் சொட்டாகக் கரைந்து குச்சியோரம் வடிய, அந்த மூலை முழுக்க மஞ்சளானது. அவள் கையாலே போட்ட மஞ்சள். அன்றைக்கு எடுக்காமல் விட்ட மஞ்சள்.

கோவிந்தராஜ் அவள் தோளுக்கு மேலிருந்து பார்த்தார். தகட்டை வாங்கித் தண்ணீரில் போட்டார். வசந்தகுமாரிக்கு அழுகை வரவில்லை. குச்சியைக் கழுவி அதன் இடத்தில் வைத்தாள். போய்விட்டான். கடலுக்குப் போகும்போது தாடியை மழித்துவிட்டுப் போ என்று சொல்லி அவள் சண்டை போட்ட அந்த ஆள் போய்விட்டான். இனிமேல் அந்தத் தாடியைப் பற்றி அவளுக்கு என்ன.

"என்னடி ஆச்சு?" என்று வாசலிலிருந்து இந்திராணி குரல் கொடுத்தாள். ஃபேன் சத்தத்தில் இரண்டாவது தடவைதான் கேட்டது. "வசந்தா, என்ன கலரு வந்துச்சு?"

வசந்தகுமாரி வாசலுக்குப் போனாள். அவள் என்ன சொல்ல வேண்டும் என்று யோசிக்கவேயில்லை. யோசிக்கிற நிலைமையிலும் இல்லை. பட்டறைக்குள் எத்தனையோ வருஷமாகச் சொல்லிப் பழகிய வார்த்தை, வாயில் முன்னால் நின்றது அதுதான்.

"பீலா" என்றாள்.

இந்திராணி ஒரு நொடி அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அதான பார்த்தேன். பீலாவேதான். எவனோ ஒரு பலகையக் கொண்டாந்து வச்சுப் பீலா விட்டுருக்கான், நாமளும் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு அலையிறோம். நம்ம ஆளுகளுக்கு ஒண்ணும் ஆகல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நான் வாறேன்டி. அங்க எல்லாரும் என்ன சேதின்னு காத்துக்கிட்டு இருப்பாங்க."

"அக்கா" என்றாள் வசந்தகுமாரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இந்திராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தாள். போகும்போதே போனில் யாரிடமோ பேச ஆரம்பித்துவிட்டாள்.

"மஞ்சள்னு சொல்லியிருக்கலாமே அம்மிணி" என்றார் கோவிந்தராஜ்.

"நாளைக்குப் போயிச் சொல்லிர்றேன்."

"நீ சொல்ற வரைக்கும் என் வாய்ல இருந்து வராது" என்றார் அவர். நல்ல மனுஷர், அதற்குமேல் அவரால் என்ன செய்ய முடியும்.

மறுநாள் அவள் பஸ் பிடித்துச் சாத்தம் போனாள். மர மில்லின் ஈரத்தூள் வாடை ஜெட்டி வரைக்கும் அடித்தது. ஃபெர்ரியில் வேலைக்குப் போகிறவர்களும் காய்கறிக் கூடைகளும் மோட்டார் சைக்கிள்களும் நெருக்கியடித்து நின்றன. அவளுக்கு இந்திராணி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. அழுகை வரவேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை. அதை நேற்றிலிருந்து அடக்கி வைத்திருக்கிறாள். இந்த உலகத்தில் அவளோடு சேர்ந்து அழ உரிமையுள்ள ஒரே ஆள் இந்திராணிதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டால் அப்புறம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

இந்திராணி அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். வெளியே கயிற்றில் நாகராஜின் சட்டைகள் துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தன, எல்லாச் சட்டையும்.

"வா, உக்காரு. சாப்புட்டுத்தான் போகணும்."

வசந்தகுமாரி உட்காரவில்லை. "அக்கா, நேத்து நான் தப்பாச் சொல்லிட்டேன். பீலான்னா பொய்யின்னு சொல்லல. இந்தியில சொன்னேன். மஞ்சள். மஞ்சளுக்கு மேல நீலம். அது என் கையால கெட்டுப்போன தகடு. அத அவருதான் எடுத்துத் தூண்டில் பெட்டியில அடிச்சிருந்தாரு."

இந்திராணி மீனைத் திருப்பிப் போட்டாள். எண்ணெய் தெறித்து அவள் கையில் பட்டது, உதறக்கூட இல்லை.

"தெரியும்" என்றாள்.

"என்னக்கா?"

"இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து கடையில பீலா தால்னு கேட்டுத்தாண்டி பருப்பு வாங்குறேன். எனக்குத் தெரியாதா?"

வசந்தகுமாரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பறம் ஏங்க்கா எல்லார்கிட்டயும் அப்படி..."

"நீ பீலான்னு சொன்ன. நான் எனக்கு வேணுங்கிறத எடுத்துக்கிட்டேன்." இந்திராணி அடுப்பைத் தணித்தாள். திரும்பி அவளைப் பார்த்தபோது அந்த முகத்தில் நேற்றைய சிரிப்பு சுத்தமாக இல்லை. "ஒனக்குத் தெரியணும்னு இருந்துச்சு, தெரிஞ்சுக்கிட்ட. எனக்குத் தெரிய வேணாம். மனுசனுக்கு அந்த உரிமகூட இல்லையா?"

"ரெண்டு பேரும் ஒரே படகுலதானக்கா போனாங்க."

"ஆமா."

"எனக்கு அழணும்க்கா. ஒங்ககூட உக்காந்து அழத்தான் வந்தேன்."

இந்திராணி கிட்டே வந்து அவள் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கையில் மீன் மசாலா வாடை. பிடித்த பிடி அன்பா கோபமா என்று சொல்ல முடியவில்லை. "இங்க அழாதடி. ஒன்னக் கும்புட்டுக் கேக்குறேன், இந்த வீட்டுல அழாத. நீ அழுதீன்னா பக்கத்து வீட்டுக்காரி என்னன்னு கேப்பா. நீ பொட்டு அழிச்சீன்னா அன்னைக்கே என் பொட்டையும் அழிக்கச் சொல்லுவாங்க. ஒன் புருசனுக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாலும் என் புருசன் செத்துப்போவான். விடாத."

அது உண்மைதான். ஒரே படகு. ஒருத்தி விதவை, இன்னொருத்தி சுமங்கலி என்று ஊரில் இருக்க முடியாது. வசந்தகுமாரி அதை நின்ற இடத்திலேயே புரிந்துகொண்டாள். அம்மாவைப் போல ஆகிவிடக் கூடாது என்றுதானே அமிலத்தைத் தொட்டாள்? இனி அம்மாவைப் போலத்தான் இருக்க வேண்டும், வாசலைப் பார்த்துக்கொண்டு, கப்பல் வந்தால் எழுந்துகொண்டு. அம்மாவுக்காவது தெரியாமல் இருந்தது. இவளுக்கு இந்திராணிமேல் கோபம் வந்தது, ஆத்திரம் வந்தது, ஆனாலும் அந்தக் கைகளைத் தட்டிவிட முடியவில்லை. இருபது வருஷம் ஒருத்தனோடு வாழ்ந்தவள் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அதையும் பிடுங்க இவளுக்கு மனம் வரவில்லை.

இந்திராணி தட்டில் சோறும் மீனும் வைத்தாள். வசந்தகுமாரி உட்கார்ந்து தின்றாள். இறங்கவில்லை, தண்ணீரைக் குடித்து இறக்கினாள். இரண்டு பேரும் முத்துகிருஷ்ணன் புதிதாக வாங்கப்போகிற எஞ்சினைப் பற்றிப் பேசினார்கள்.

ஜெட்டிக்கு வந்தபோது ஃபெர்ரி அக்கரையில் நின்றது. டீக்கடை விஜயகுமாரி தூரத்திலேயே அவளைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள்.

"இந்திராணியக்கா சொன்னாங்க, ஒடஞ்சது ஒங்க ஆளுக படகு இல்லையாமே. கேட்டதுலருந்து எனக்கு அப்படியொரு சந்தோசம். மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? இனிமே என்ன கவலை, டீ குடி."

"ஆமா" என்றாள் வசந்தகுமாரி.

"எங்கயாச்சும் தீவுல கரையேறிருப்பாங்க. வந்துருவாருல்ல?"

"வந்துருவாரு" என்று சொல்லி வசந்தகுமாரி டீ கிளாஸை வாங்கிக்கொண்டாள்.